எல். ஆர். ஈஸ்வரியும் எங்கள் தோட்டத்து மாரியம்மனும்

திரைப்படப் பாடகி ஒருவரைப் பற்றிப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவது தகுமோ என்று வினவுவார் உளர். சிலம்பும் மேகலையும் இருக்க, கூத்துப் பாட்டுக்கு உரை எழுதுவதா என்று என் கல்லூரி நண்பர்களே நகைத்தனர். நகைக்கட்டும். அவர்களிடம் நான் கேட்கும் வினா ஒன்று உண்டு. சபரகமுவ மாகாணத்துத் தோட்டமொன்றிற் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளை, ஓர் ஆண்டிலே தன் செவியாற் கேட்கும் தமிழுள், எழுத்துத்தோறும் பிறழாது ஒலிக்கும் தமிழ் யாருடையது? என்னுடையது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் ஒலிக்கும் ஆசிரியன் குரல் எங்கே. மாசி தொடங்கி ஆடி வரையில், தோட்டம் மாறித் தோட்டமாய்க் கோவிற் கம்பத்தின் உச்சியிலிருந்து மலைச்சரிவை நிரப்பும் எல். ஆர். ஈஸ்வரி அம்மையாரின் குரல் எங்கே!

எங்கள் பகுதியை அறியாதார்க்குச் சிறிது விளக்கம் வேண்டும். அட்டன், நுவரெலியாப் பக்கங்களைப் போல மலைக்கு மலை தமிழர் நிறைந்த நாடன்று இது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என்று இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் விரவிக் கிடக்கும் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள், சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே தீவுகள் போல அமைந்தவை. 1964 ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் கப்பலேறிச் சென்ற குடும்பங்கள் பல. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் வடக்கு நோக்கிச் சிதறியவை பல. எஞ்சிய லயங்களில் வாழ்வோரின் பிள்ளைகளுட் சிலர், தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருப்பதனால், அருகிலுள்ள சிங்களப் பாடசாலைக்கே செல்கின்றனர். வீட்டிலே தமிழ், வெளியிலே சிங்களம் என்னும் நிலை. சிங்கள மொழியில் ழகரம் இல்லை. லகரமும் ளகரமும் எழுத்தில் வேறாயினும் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆகவே நம் பிள்ளையின் நாவிலும் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ரகரமும் ழகரமும் நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடுவதாற் பிறப்பன என்று தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறியதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். ஆனால் செவியிற் புகாத ஒலி நாவில் எங்ஙனம் பிறக்கும்? அந்த ஒலியைச் செவியிற் புகுத்தியவர் இப்பாடகியார். அதனாலேதான் எழுதுகின்றேன்.

அவர் 1939 இல் பிறந்தவர். லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது இயற்பெயர், கத்தோலிக்கக் குடும்பம். தாயார் நிர்மலா திரைப்படங்களிற் குழுப்பாடகியாக இருந்தவர். தாயின் கையைப் பற்றிக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்ற சிறுமி, தானும் குழுவில் நின்று பாடத் தொடங்கினாள். குழுவிற் பாடுவோர்க்குப் பெயர் இல்லை. இசைத்தட்டின் நடுவட்டத்தில் முதற்குரலின் பெயர் அச்சாகும். பின்னின்று ஒலிப்போர் காற்றோடு காற்றாய்ப் போவர். இவருக்குப் பெயர் வாய்த்தது 1958 இல் வெளிவந்த 'நல்ல இடத்துச் சம்பந்தம்' படத்தில். கே. வி. மகாதேவன் இசையமைத்த அப்படத்தில் முதன்மைக் குரலாகப் பாடும் வாய்ப்புக் கிட்டியது. எம். எஸ். ராஜேஸ்வரி என்னும் பாடகியார் முன்னரே புகழ் பெற்றிருந்தமையால், மயக்கம் நேராதிருக்க, 'எல். ஆர். ஈஸ்வரி' என்று பெயரை மாற்றி அமைத்தவர் ஏ. பி. நாகராஜன் என்பர்.

1961 இல் 'பாசமலர்' வந்தது. மணப்பெண்ணைத் தோழி மணவறைக்கு அழைக்கும் பாட்டை விசுவநாதன் – இராமமூர்த்தி இருவரும் இவரிடம் கொடுத்தனர். அன்றிலிருந்து இன்று வரை, சென்னையானாலும் சரி, எங்கள் தெரணியகலையானாலும் சரி, அப்பாட்டு ஒலிக்காத தமிழ்த் திருமண வீடு அரிது. ஆயினும் அந்தப் பாட்டில் இவருக்கு வாய்த்த நிலையைக் கவனித்தல் வேண்டும். மணமகளின் குரல் அன்று; தோழியின் குரல். பின்வந்த இருபது ஆண்டுகளும் திரையுலகம் இவரை அந்த இடத்திலேயே நிறுத்தியது. தலைவிக்கு ஒரு குரல்; ஆடல் மகளுக்கும், நகைச்சுவைப் பெண்ணுக்கும், தெருவிற் கூவி விற்பவளுக்கும் வேறொரு குரல். அகத்திணையில் தோழி இன்றேல் தலைவி வாய் திறப்பதே அரிது என்பதைத் திரைப்படத்தார் அறிந்திலர் போலும்.

ஆனால் அந்த இரண்டாம் இடத்தில் நின்றே இவர் செய்த வேலை சிறிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் இருபது என்று வகுத்தார். வல்லெழுத்து மிக்கு வருவது வல்லிசை வண்ணம். மெல்லெழுத்து மிக்கு வருவது மெல்லிசை வண்ணம். அடியின் எல்லை தெரியாது ஓடுவது முடுகு வண்ணம். பாட்டில் எழுதிவைத்த வண்ணத்தைத் தொண்டையிலே வேறுபடுத்திக் காட்ட வல்லார் சிலரே. 1969 இல் வந்த 'சிவந்த மண்' படத்தில், சவுக்கடியின் ஓசைக்கு நடுவே ஒரு பாட்டுப் பாடினார். ஒவ்வொரு வல்லெழுத்தும் அடியொன்றை ஏற்றுத் திருப்பி அடிப்பது போல விழும். 1972 இல் வந்த 'வெள்ளி விழா'வில், வி. குமார் இசையில், காதருகே மெல்லப் பாடும் பாட்டு ஒன்று. உறங்கும் குழவி விழித்துவிடாமல் மனைவி கணவனுக்குப் பாடுவது. அங்கே அதே தொண்டை மூச்சாய்த் தேய்ந்து, மெல்லினமும் இடையினமுமே எஞ்சி நிற்கின்றன. இவருக்கு உரத்துப் பாடத்தான் தெரியும் என்பார் அப்பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு வரட்டும்.

1968 இல் வந்த 'பணமா பாசமா'வின் இலந்தைப்பழப் பாட்டை எடுத்துக்கொள்வோம். தமிழறிஞர் பலர் அதனைத் தூற்றினர். நான் அதிற் காண்பது வேறு. அதிலே 'பழம்' என்னும் சொல் 'பயம்' என்று ஒலிக்கிறது. சென்னைத் தெருவிற் கூடை சுமப்பவள் அப்படித்தான் கூவுவாள். ஆகவே பாடகியாரும் அப்படியே பாடினார். வேறு பாட்டுகளில் ழகரத்தை நாவை மடித்து நிறைவாக ஒலிப்பவர், இங்கே அறிந்தே அதனை விட்டுக்கொடுக்கிறார். எந்த இடத்தில் எந்தத் தமிழ் என்று தெரிந்தவரே அவ்வாறு செய்ய இயலும். என் மாணவர்க்கு இலக்கண வழக்கும் இழிசினர் வழக்கும் வேறுபடுத்திக் காட்ட நான் இவ்விரண்டு வகைப் பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பித்தது உண்டு. ('இழிசினர் வழக்கு' என்னும் பெயரைச் சூட்டிய பழைய உரைகாரரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

இப்பாட்டுகள் எங்கள் லயங்களுக்கு வந்த வழி வானொலி. 1967 இல் கூட்டுத்தாபனமாகிய இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தென்னிந்தியாவே காத்திருந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. மயில்வாகனனார் போன்ற அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரையும் பாடியோர் பெயரையும் தெளிவுறச் சொல்லுவர். எழுத்தறியாத பால்வெட்டுத் தொழிலாளியும், 'இது சுசீலா, இது ஈஸ்வரி' என்று குரலைப் பிரித்தறிந்தது அப்படித்தான். கங்காணி வீட்டிலோ தேநீர்க்கடையிலோ ஒரு வானொலிப் பெட்டி இருந்தால், லயம் முழுவதற்கும் அதுவே போதும்.

இனி, இக்கட்டுரைக்கு உயிரான பகுதிக்கு வருகின்றேன். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து திரையில் இவருக்கு வாய்ப்புக் குறைந்தது. இசையின் போக்கு மாறியது. புதிய குரல்கள் வந்தன. அவ்வேளையில் இவரைத் தாங்கியவை, திரைக்கு வெளியே இவர் பதிவு செய்திருந்த அம்மன் பாட்டுகள். செல்லாத்தாளை அழைப்பது, கற்பூர நாயகியைப் போற்றுவது, கருமாரியைத் தாயே என்று விளிப்பது என அவை பல. முதலில் இசைத்தட்டாகவும், எண்பதுகளில் ஒலிநாடாவாகவும், பின்னர் குறுவட்டாகவும், இன்று விரலளவு நினைவுக்கோலில் அடங்கியும் அவை வருகின்றன. கருவி மூன்று முறை மாறியும் பாட்டு மாறவில்லை. அப்பாட்டுகளில் இவர் தோழி அல்லர். பின்னின்று ஒலிப்பவரும் அல்லர். தாமே முதற்குரலாகி நிற்கிறார். குழு இவருக்குப் பின்னே நின்று விடை சொல்கிறது.

கத்தோலிக்கராகப் பிறந்தவர் மாரியம்மனைப் பாடலாமோ என்று கேட்பார் எங்கள் தோட்டங்களில் எவருமிலர். அம்மை கண்டால் வேப்பிலை கட்டுவதும், அடுத்த ஞாயிறன்று மாதா கோவிலில் மெழுகுதிரி ஏற்றுவதும் ஒரே வீட்டில் நிகழ்வன. சிலப்பதிகாரத்து வேட்டுவவரியில், சாலினி என்பாள் தெய்வமேறி ஆடி, கொற்றவையின் சொல்லைத் தன் வாயாற் சொல்லுகின்றாள். அவள் மறவர் குடியிற் பிறந்தவள் என்பதை இளங்கோவடிகள் சொல்லுகிறார். ஓதி உணர்ந்தவள் என்று சொல்லவில்லை. தெய்வத்தின் சொல்லைத் தாங்கும் குரலுக்குத் துணிவுதான் தகுதி. ஈஸ்வரி அம்மையாரின் பாட்டில் விளி நீளும் இடங்களைக் கேளுங்கள். பணிந்து வேண்டும் குரலன்று அது. வாசலில் நின்று, 'வெளியே வா' என்று தாயை உரிமையோடு அதட்டும் மகளின் குரல். பதிகம் பாடுவோர் பலர் இறைவனை அணுகும் முறை வேறு; இது வேறு. உடுக்கும் பம்பையும் விரைய விரைய, பாட்டு முடுகு வண்ணமாய் ஓடும்போது, தேர்முட்டியருகே நிற்கும் மூதாட்டி ஒருத்தி தலையை அசைக்கத் தொடங்குவாள். இரண்டாம் சரணத்தில் அருள் வந்துவிடும். மின்கம்பியின் வழி வந்த குரல் இவ்வாறு மெய்யை ஆட்டுவிக்கும் என்று எண்பது ஆண்டுகளுக்கு முன் யார் நினைத்திருப்பார்?

இதிலே ஓர் இழப்பும் உண்டு. அதனை மறைத்துப் புகழ்வது முறையன்று.

ஒலிபெருக்கி வருமுன் தோட்டக் கோவில்கள் ஊமையாக இருந்தன அல்ல. கரகம் பாலிக்கும் இரவில், ஓடைக்கரையிலே பூசாரி உடுக்கடித்துப் பாடுவார். ஆடி மாதத்தில் மாரியம்மன் தாலாட்டு படிப்பார்கள். பெண்கள் கும்மி கொட்டுவர், குலவையிடுவர். காமன் கூத்துக்கும் பொன்னர் சங்கர் கதைக்கும் பாட்டு மரபு உண்டு. இம்மண்ணில் பெண் குரல் மேடையேறியதும் புதிதன்று. 1930 களிலும் 1940 களிலும் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தோட்டத் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாகவே கட்டி, கூட்டந்தோறும் பாடி மக்களைத் திரட்டினார். அப்பாட்டுகளை நூலாகவும் வெளியிட்டார். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றியிராவிட்டால், அச்செல்வத்தின் பெரும்பகுதியை நாம் இழந்திருப்போம்.

அந்தக் குரல்கள் தாழ்ந்தமைக்கு ஒலிபெருக்கியும் ஒரு காரணம். ஐம்பது பெண்கள் சேர்ந்து கும்மி கொட்டினாலும், கம்பத்தின் மேலிருக்கும் ஒரு குழாயின் ஓசைக்கு ஈடாகாது. திருவிழாக் குழுவிலுள்ள இளைஞர்க்கு நினைவுக்கோலைச் செருகிவிடுதல் எளிது; பாடத் தெரிந்த கிழவியை அழைத்து வருதல் கடினம். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் எழுபத்தாறு வயதான அம்மையார் ஒருவர் இருக்கிறார். கரகப் பாட்டும் தாலாட்டும் அவருக்கு மனப்பாடம். 'அப்பாயி, ஏன் இப்போது பாடுவதில்லை?' என்று மாணவி ஒருத்தி கேட்டபோது, அவர் என்னைப் பார்த்துத்தான் விடை சொன்னார்: "மைக்செட்டு வந்ததுக்கு அப்புறம் எங்க சத்தம் ஆத்தாளுக்குக் கேக்குமாங்க, சார்?"

ஆயினும் பழியைப் பாடகியார் மேல் ஏற்றுவது நேர்மையன்று. தோட்டங்கள் சிதறிய காலத்தில், பூசாரி ஒரு கப்பலிலும், உடுக்கடிப்பவன் மறு கப்பலிலும், பாட்டுக்கு விடை சொல்லும் பெண்கள் வவுனியாவுக்கும் போய்விட்ட தோட்டங்கள் எத்தனை! அங்கே திருவிழா நின்றுபோகாதிருந்ததற்கு அந்த ஒலிநாடாக்களும் ஒரு துணை. பூசாரி இல்லாத கோவிலிலும் பாட்டு இருந்தது. இன்னொன்றும் கவனித்தேன். அப்பாட்டுகளில் முதற்குரல் ஓரடியை எறிந்துவிட்டு நிற்க, குழு அதனை ஏந்தும் அமைப்பு உண்டு. இது கும்மியின் அமைப்பே. ஆகவே கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள், மலையடிவாரத்தில் பாட்டுக் கேட்டதும், குழுவின் அடியைத் தாமும் சேர்ந்து சொல்லியபடியே நடக்கின்றனர். அவர்கள் முற்றாக வாய்மூடிவிடவில்லை. முதலடியை மட்டும் ஒருவரிடம் விட்டுக்கொடுத்துள்ளனர். குழுவிற் பெயரின்றிப் பாடத் தொடங்கிய பெண்ணுக்கு, கடல் கடந்து இத்தனை தோட்டங்களில் பெயர் அறியாக் குழு ஒன்று வாய்த்திருக்கிறது.

திரையுலகமும் அவரை முற்றாக மறக்கவில்லை. 2011 இல் 'ஒஸ்தி' படத்தில் ஒரு துள்ளிசைப் பாட்டுக்கு அவரை அழைத்தனர். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 2020 இல் 'மூக்குத்தி அம்மன்' படத்தில், ஆடித் திருவிழாவுக்குரிய கூத்துப் பாட்டைப் பாடினார். 1958 இலிருந்து எண்ணினால் அறுபத்திரண்டு ஆண்டு. பிற்காலப் பாட்டுகளில் உச்சத்தில் பழைய மெருகு இல்லை. மூச்சு விரைவில் முடிகிறது. இதனைச் செவியுள்ளோர் எவரும் அறிவர். ஆனால் சொல் சிதையவில்லை. எதுகை விழும் இடத்தில் எழுத்து எழுத்தாகவே நிற்கிறது. இளம் பாடகர் சிலரின் பாட்டிலே சொல்லைக் கண்டுபிடிக்க நான் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு வேலை கொடுத்தேன். அம்மன் பாட்டு ஒன்றைக் கேட்டு, அதில் வரும் லகர ளகர ழகரச் சொற்களைத் தனித்தனியே எழுதி வருக என்றேன். சொல்வதெழுதலில் முப்பது புள்ளிக்கு மேல் வாங்காத பையன் ஒருவன், ஒரு சொல்லும் தவறாது எழுதிவந்தான். எப்படி என்றேன். 'அவங்க பாடும்போதே எழுத்துத் தெரியுது, சார்' என்றான். அடுத்த வேலையாக, அந்த அம்மையாரிடம் சென்று, அவர் வாயால் கேட்டுப் பாட்டெழுதி வரச் சொன்னேன். ஒன்பது பாட்டுகள் சேர்ந்தன. அவற்றுள் இரண்டு தாலாட்டு, நான்கு கும்மி, ஒன்று ஒப்பாரி, இரண்டு பால்வெட்டுப் பாட்டு. பத்தாவதை அவர் வீட்டில் இருந்து பாட மறுத்துவிட்டார். கரகம் பாலிக்கும்போது ஓடைக்கரையில் மட்டுமே அதனைப் பாடலாமாம்.

கோவிற் குழுவினரிடம் சென்று பேசினேன். கரகம் ஓடையிலிருந்து புறப்பட்டுக் கோவில் சேரும் வரை ஒலிபெருக்கியை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இளைஞர்க்கு விருப்பமில்லை, வாடகைக்கு எடுத்த கருவியைச் சும்மா வைத்திருப்பதா என்றனர். தலைவர் மட்டும் தம் தாயாரும் அப்பாட்டைப் பாடியவர் என்று சொல்லி இசைந்தார். இவ்வாண்டு முக்கால் மணிநேரம் கம்பம் மௌனமாக இருந்தது. மாணவர் குறிப்பேட்டோடு இருட்டில் ஓடைக்கரையில் நின்றனர். மழை தூறியது. கை விளக்கைப் பிடித்தவனுக்கும் எழுதியவளுக்கும் சண்டை. பதினோரடி எழுதினார்கள், எஞ்சியதை அடுத்த திருவிழாவில்தான் கேட்டெழுத வேண்டும். கரகம் கோவில் வாசலில் இறங்கியதும் எவனோ விசையைத் தட்டினான். ஈஸ்வரி அம்மையார் பாடத் தொடங்கினார். குலவையிட்டுக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே அவர் பாட்டுக்கு விடை சொல்லலாயினர்.